கர்னல் பெட்டோமும் மூங்கிலுக்குள் ஒரு தவளையும்

போன மாதம் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து பெங்களூர் வந்தபோது துணிப்பைக்குள் ஒரு சொளவு இருந்தது. (மற்ற ஊர்க்காரர்களுக்கு: முறம்.) "இதெல்லாம் இங்கேயே கிடைக்குமேம்மா" என்றேன். "கிடைக்கும், பிளாஸ்டிக்ல கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தச் சொளவின் சிம்புகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது ஒரு தவளை. சொளவுக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. நூற்று நாற்பது வருடச் சம்பந்தம்.

தவளை ரொம்பச் சின்னது. சுமார் இரண்டரை சென்டிமீட்டர், கட்டைவிரல் நுனி அளவு. முதுகு கண்ணைப் பறிக்கும் பச்சை, தொடையில் சாம்பல் நீலம், கறுத்த கண்ணில் தங்கத் திட்டுகள். தென்கோடி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அறிவியல் பெயர் ராவோர்கெஸ்டஸ் சலாசோடஸ். பெயரைப் பார்த்து ஓடிவிடாதீர்கள். இந்தப் பெயரின் இரண்டு பாதிகளுக்குள்ளும் தனித்தனிக் கதை இருக்கிறது.

பின்பாதி முதலில் வந்தது. 1876-இல் வந்தது. அதை வைத்தவர் ஆல்பர்ட் குந்தர், ஜெர்மனியில் பிறந்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்துகொண்டு உலகத்து மீன், பாம்பு, தவளைகளுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்த ஆசாமி. இந்தியாவுக்கு வராமலே இந்தியப் பிராணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர். பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்து சேர்ந்த இந்திய ஊர்வன பற்றி அவர் எழுதிய மூன்றாவது அறிக்கையில் இந்தத் தவளை இக்ஸாலஸ் சலாசோடஸ் என்ற பெயரோடு இடம் பெற்றது. கிரேக்க மொழியில் 'சலாசா' என்றால் ஆலங்கட்டி. உடம்பில் ஆலங்கட்டி தெளித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள், அதனால் அந்தப் பெயர். அந்தப் பச்சை நிறம் பெயரில் வரவே இல்லை. சாராயத்தில் ஊறிக் கப்பலில் போய்ச் சேரும் தவளைக்குப் பச்சை எங்கே மிச்சம் இருக்கும்? குந்தர் பார்த்தது வெளிறிப்போன ஒன்றைத்தான்.

லண்டனுக்கு அதை அனுப்பியவர்தான் தலைப்பில் இருக்கும் கர்னல். ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம். 1830-இல் லண்டனில் பிறந்தவர் (குந்தரும் அதே வருடம் பிறந்தவர்தான், சும்மா ஒரு தகவல்). வக்கீலுக்குப் படிக்க வைத்தார்கள், பிடிக்கவில்லை. 1848-இல் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். இங்கே கிளெக்ஹார்ன் என்ற டாக்டர் வனத்துறையைப் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தார். செடி கொடிகளில் ஆர்வமுள்ள இந்த ராணுவக்காரரைப் பிடித்து உதவியாளராகப் போட்டுக்கொண்டார். கிளெக்ஹார்னுக்குப் பிறகு அந்தப் பதவியே பெட்டோமுக்கு வந்தது. 1882 வரை ராஜதானியின் காடுகள் அவர் பொறுப்பில்.

இந்த மாதிரி வெள்ளைக்கார வனத்துறை அதிகாரிகளைப் பற்றி எனக்கு இரண்டு மனசு உண்டு. ரயில்வேக்குக் கட்டையும் கப்பலுக்குத் தேக்கும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த துறை அது. காட்டில் இருந்தவர்களைக் காட்டுக்கே அந்நியராக்கியதும் அதே துறைதான். ஆனால் பெட்டோம் அலைந்த அலைச்சல் சாதாரணமில்லை. பெரணிகளுக்குத் தனியாகப் புத்தகம் போட்டார். தென்னிந்திய மரங்களுக்கு 'ஃப்ளோரா சில்வாட்டிகா' என்று 1869 முதல் 1873 வரை பெரிய படப் புத்தகம் போட்டார். மண்ணுக்குள் வாழும் பாம்புகள், பல்லிகள், தவளைகள், நத்தைகள் என்று எது கிடைத்தாலும் சேர்த்தார். பெட்டோமின் பெயரைத் தாங்கிய செடிகளும் பிராணிகளும் நம் மலைகளில் இன்றும் ஏராளம்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது.

அந்த 'ஃப்ளோரா சில்வாட்டிகா'வில் 1873-இல் பெட்டோம் ஒரு மூங்கிலுக்குப் பெயர் வைத்தார். பீஷா திருவாங்கூரிகா. பிறகு காம்பிள் என்ற இன்னொரு தாவரவியல்காரர் அதை ஆக்லாண்ட்ரா என்ற பேரினத்துக்கு மாற்றினார், ஆனால் 'திருவாங்கூரிகா' அப்படியே நின்றது. மலையாளத்தில் இதை 'ஈற்ற' என்பார்கள். நாம் நினைக்கும் தடித்த முள் மூங்கில் இல்லை. மெல்லிய சுவர், நீளமான கணுவிடை, ஓடைக்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் ஆள் நுழைய முடியாமல் புதராக நெருங்கி வளரும். நாணல் மூங்கில் என்று வைத்துக்கொள்வோம். கூடை, பாய், சொளவு முடைய இதைவிட லாயக்கான மூங்கில் கிடையாது. (பத்தமடைப் பாய் இதில் செய்வதில்லை, அது கோரை. ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.)

மூன்று வருடம் தள்ளி, 1876-இல், அதே பெட்டோமின் சேகரிப்பிலிருந்து குந்தர் கைக்குப் போன தவளைக்குப் பெயர் வந்தது. அந்தத் தவளை வாழ்ந்தது இந்த நாணல் மூங்கிலுக்குள். பக்கத்தில், அடியில் என்று சொல்லவில்லை. கணுவிடையின் உள்ளே.

வீட்டுக்குப் பெயர் வைத்தவரும் குடியிருந்ததைப் பிடித்து அனுப்பியவரும் ஒரே ஆள். ஏறக்குறைய ஒரே சமயம். ஆனால் மூங்கில் தாவரவியல் புத்தகத்துக்குப் போனது, தவளை விலங்கியல் ஜாடிக்குப் போனது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு கட்டுரை வர 2014 ஆகிவிட்டது.

பெட்டோமைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் காலத்து முறை அது. பிராணியைப் பிடி, சாராயத்தில் போடு, சீட்டு ஒட்டு, கப்பலேற்று. லண்டனில் இருப்பவருக்குத் தேவை உடம்பு. பல் எத்தனை, விரல் நுனித் தட்டு எவ்வளவு பெரிது, தோலில் புள்ளி எங்கே. எங்கே தூங்கியது, எங்கே முட்டையிட்டது, ராத்திரி என்ன சத்தம் போட்டது என்பதற்கெல்லாம் அந்தச் சீட்டில் இடமில்லை. இந்தத் தவளையின் சீட்டில் இருந்த ஊர்ப் பெயர் ஒரே ஒரு சொல்: திருவிதாங்கூர்.

அது ஊரா? ஒரு ராஜ்ஜியம்! தெற்கே குமரி முனை, வடக்கே மூணாறு மலைகள், கிழக்கே மலையைத் தாண்டி நம்ம செங்கோட்டைகூட அன்று திருவிதாங்கூர்தான். "தவளை, திருவிதாங்கூர்" என்று தபால் போட்டால் எந்தத் தபால்காரர் கொண்டு சேர்ப்பார்? போதாக்குறைக்கு அந்த முகவரியே பிறகு காணாமல் போனது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களைப் பிரித்தபோது தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை எல்லாம் இந்தப் பக்கம் வந்தன, மற்றது கேரளமானது. தவளைக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் தேடுபவனுக்கு எந்த மாநில வனத்துறையிடம் அனுமதி கேட்பது என்பதே குழப்பம்.

தவளையை யாரும் பார்க்காத அந்த இடைவெளியில் வீட்டுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. 1888-இல் புனலூரில் காகித ஆலை வந்தது. செங்கோட்டை கொல்லம் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும், ஆரியங்காவு, பதிமூணு கண் பாலம், தென்மலை எல்லாம் தாண்டி வரும் ஊர். ரயில் வந்தது 1904-இல், ஆலை அதற்கும் முந்தியது. அந்த ஆலைக்கு மூலப்பொருள் சுற்றுக் காடுகளின் நாணல் மூங்கில். பெட்டோம் ஓய்வு பெற்று ஆறே வருடத்தில், அவர் பெயர் வைத்த மூங்கில் கட்டுக் கட்டாகக் கூழாகத் தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நின்றபாடில்லை. 1971-இல் கேரள அரசு மூங்கில் கழகம் தொடங்கியது. முடைபவர்களுக்கு நாணல் மூங்கில் வெட்டிக் கொடுத்து, முடைந்த பாயைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதுதான் கஞ்சி, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1982-இல் கோட்டயம் பக்கம் வெள்ளூரில் பத்திரிகைக் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. யூகலிப்டஸோடு நாணல் மூங்கிலும் அதற்குத் தீனி. காலையில் தினசரிப் பத்திரிகை படித்தவர்கள் எவ்வளவு காட்டைப் புரட்டியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். இதற்கு நடுவே நாணல் மூங்கிலுக்கென்று சொந்த வழக்கம் ஒன்று உண்டு: கூட்டமாகப் பூத்துக் காய்த்துவிட்டு அப்படியே காய்ந்துபோகும். விதையிலிருந்து அடுத்த தலைமுறை எழுந்து வர வேண்டும். அந்த நேரம் பார்த்து வெட்டும், நெருப்பும் சேர்ந்துகொண்டால் அந்த இடம் கைவிட்டுப் போனதுதான்.

வெட்டியவர்கள் கண்ணில் தவளை படாமலா இருந்திருக்கும்? கழியைப் பிளந்தபோது பச்சையாக எதுவோ துள்ளி ஓடியதை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதையெல்லாம் யாரும் வந்து கேட்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நிற்க. பெயரின் முன்பாதிக்கு வருகிறேன், அது பெங்களூர்க் கதை. இக்ஸாலஸ் என்ற பேரினம் பிறகு பிலாட்டஸ் ஆனது. 2010-இல் பிஜு முதலான ஆய்வாளர்கள் மரபணு பார்த்து, தலைப்பிரட்டை இல்லாத இந்தச் சின்னப் புதர்த் தவளைகளுக்குத் தனிப் பேரினம் உண்டாக்கி, சி. ஆர். நாராயண ராவ் நினைவாக ராவோர்கெஸ்டஸ் என்று வைத்தார்கள். ராவ் 1882-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் துறையை நடத்தியவர். 1932-இல் 'கரண்ட் சயின்ஸ்' பத்திரிகை தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியரும் அவரே. இந்தியத் தவளைகளை இந்தியாவில் உட்கார்ந்து படித்த முன்னோடி. 1937-இல் தென்னிந்தியாவின் புதுத் தவளைகள் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்.

அந்த ராவ் சேர்த்து வைத்த மாதிரிகள் சென்ட்ரல் காலேஜில் இருந்தன. இன்று இல்லை. தொலைந்துபோயின. அவர் விவரித்த சில தவளைகள் உண்மையில் எவை என்று தீர்மானிக்க முடியாமல் பின்னால் வந்தவர்கள் வருடக்கணக்கில் திண்டாடினார்கள். பெட்டோம் கப்பலேற்றியவை லண்டனில் பத்திரமாக இருக்கின்றன, ராவ் நம் ஊரிலேயே வைத்தவை காணோம். கொள்ளையடித்துக்கொண்டு போனான் என்று வெள்ளைக்காரனைத் திட்டும்போது எனக்கு இந்த ஜாடிகள் ஞாபகம் வந்து தொண்டையில் நிற்கும். சென்ட்ரல் காலேஜ் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பழைய கட்டடத்தை எட்டிப் பார்ப்பேன். எந்த அலமாரியில் இருந்தனவோ.

2010 நவம்பரில் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து பிஜு ஒரு தேடலை அறிவித்தார். பல்லாண்டுகளாக யாரும் பார்க்காத, இந்தியாவின் 'தொலைந்த' தவளையினங்கள் சுமார் ஐம்பதைக் காட்டில் போய்த் தேடுவது. ஆய்வாளர்கள், மாணவர்கள், ஆர்வலர்கள் என்று பலர் சேர்ந்தார்கள். 2011 பிப்ரவரியில் முதல் முடிவு வந்தது: ஐந்து இனங்கள் கிடைத்துவிட்டன. அதில் மிகப் பழைய காணாமல் போனவர் நம் ஆலங்கட்டிக்காரர்தான், 136 வருடம். கண்டெடுத்தவர்கள் ஆர். கணேசன், கே. எஸ். சேஷாத்ரி, பிஜு. ஜாடியில் வெளிறிக் கிடந்த அந்தப் பிராணி இவ்வளவு பச்சை என்று வெளியுலகம் பார்த்தது அப்போதுதான்.

கண்டுபிடித்தாயிற்று, பேப்பரில் படம் வந்தாயிற்று என்று விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். சேஷாத்ரி விடவில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில், எங்கள் ஊரிலிருந்து நிமிர்ந்தால் தெரியும் அதே மலையில், மழைக்காலம் முழுக்க நாணல் மூங்கில் புதர்களுக்கு நடுவே ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தார். அட்டை கடிக்கும் காடு அது, அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அவரும் குருராஜாவும் பிக்ஃபோர்டும் சேர்ந்து எழுதிய கட்டுரை 2014 கடைசியில் வெளியானது.

அவர்கள் பார்த்தது இதுதான். நாணல் மூங்கிலின் கணுவிடையில், அடிப்பக்கமாக, சின்னக் கீறல் போல ஒரு திறப்பு இருக்கும். நீளம் 5 முதல் 10 மில்லிமீட்டர், அகலம் 3 அல்லது 4. பூச்சியோ எலியோ போட்ட ஓட்டையாக இருக்க வேண்டும், தவளைக்கு மூங்கிலைத் துளைக்கப் பல்லும் இல்லை நகமும் இல்லை. இரண்டரை சென்டிமீட்டர் தவளை அந்தக் கீறல் வழியாக உடம்பை நசுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆண் உள்ளிருந்து கூப்பிடும். பெண் வந்து, உள்சுவரில் ஐந்திலிருந்து எட்டு முட்டைகள் வரை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு காவல் முழுக்க அப்பாவுக்கு. குளம் வேண்டாம், குட்டை வேண்டாம். தலைப்பிரட்டைக் கட்டம் முட்டைக்குள்ளேயே முடிந்து, நான்கு காலோடு குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

ஆக, அரைக் காடு நாணல் மூங்கிலாக இருந்தாலும் எல்லாம் வீடாகிவிடாது. ஓட்டை விழுந்த கணுவிடை வேண்டும், ஓட்டை அளவாக இருக்க வேண்டும், சரியான இடத்திலும் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கழிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். வெட்டுகிறவருக்கோ பத்துக் கழியில் எந்தக் கழிக்குள் முட்டை இருக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

2018-இல் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் இன்னொன்று எழுதினார்கள். அப்பா உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்கிறார் என்று பார்க்க, சில கணுவிடைகளிலிருந்து அப்பாவை அகற்றிப் பார்த்தார்கள். காவல் இல்லாத முட்டைகளில் நிறைய அழிந்தன. தின்றது யார்? பாம்போ எறும்போ என்று நான் நினைத்தேன். பெரும்பாலும் அதே இனத்து வேறு ஆண்கள்! நல்ல ஓட்டை உள்ள வீடு கிடைப்பது அவ்வளவு கஷ்டம் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே புகுந்து முட்டையையும் தின்று இடத்தையும் பிடிக்கப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

அந்தக் காடு இன்னும் மிச்சமிருப்பதற்குத் தவளை காரணமில்லை. முண்டந்துறை 1962-இல் சரணாலயமானது புலிக்காக. களக்காடு 1976-இல் ஆனது சிங்கவால் குரங்குக்காக. இரண்டும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகமானது. பெரிய பிராணிகளின் கணக்கில் இந்தக் கட்டைவிரல் பிராணியும் தப்பித்துக்கொண்டது.

அதே காட்டின் நடுவில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் பம்பாய் பர்மா நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்து, மழைக்காட்டை அழித்து நட்ட தேயிலை. குத்தகை முடியும் வருடம் 2028. 2024-இல் நிறுவனம் தோட்டத்தை மூட, நாலைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர்கள் மலையிறங்க வேண்டியதாயிற்று. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலிக்கு ஊர்வலம் வந்து, தாமிரபரணியில் 17 பேரைப் பறிகொடுத்த அதே மக்கள். தேயிலை போய்க் காடு திரும்பட்டும், நாணல் மூங்கில் ஓடைக்கரைகளில் மறுபடி ஏறட்டும் என்று மனசு ஒரு பக்கம் ஆசைப்படுகிறது. அந்த லயன் வீடுகளில் பிறந்த நண்பனிடம் போனில் இதைச் சொல்லிவிட்டு, அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "தவளைக்கு வீடு கிடைச்சா சந்தோஷம்தான்டே" என்றான் பிறகு. மேற்கொண்டு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

சொளவு இப்போது எங்கள் பால்கனியில் தொங்குகிறது. அம்மா அதில் உளுந்து புடைத்தாள். நாணல் மூங்கில்தானா அல்லது வேறு மூங்கிலா என்று அவளிடம் கேட்டேன். "மூங்கில்தான். சிங்கம்பட்டி பக்கத்துல வித்தான், வாங்கினேன்" என்றாள்.

சேஷாத்ரியின் கட்டுரைகளில் ஒரு விஷயம் உண்டு. காவலிருக்கும் அப்பா பகல் முழுக்க முட்டைகளோடு கணுவிடைக்குள்ளேயே இருக்கும். சாயங்காலம் சில மணி நேரம் மட்டும், அநேகமாக ஏதாவது தின்றுவிட்டு வர, அந்தக் கீறல் வழியாக வெளியே வரும். பிறகு மறுபடியும் உள்ளே.